பருப்பு வேகும் தண்ணீரை ஊருக்குத் திறந்த கதை

ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வயது போதாது. முப்பத்து மூன்றுதான் ஆகிறது. ஆனால் கிழக்குத் தாம்பரத்தில் நான் வேலை பார்த்த நீர் ஆய்வு மையத்தில் ஒப்பந்தப் பணிக்கு இத்தனை ஆண்டுகள்தான் என்று ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தொட்டதும் சால்வை போர்த்தி, கையில் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பிவிடுவார்கள். எனக்கு நடந்த அதே மாலையில் அலுவலக மேலாளர் ஒருவரும் அறுபது முடிந்து ஓய்வு பெற்றார். இருவருக்கும் ஒரே நிறச் சால்வை. புகைப்படத்தைப் பார்த்த என் மாமா, "இனிமே காலையில வாக்கிங் போலாம் பாப்பா, என்கூட வா" என்றார்.

போகவில்லை. அதற்குள் மையத்தின் இளையவர்கள் பிடித்துக்கொண்டார்கள். இந்த ஆண்டிலிருந்து அங்கே எல்லா ஆய்வுகளின் தரவுகளையும் பூட்டு இல்லாமல் பொதுவில் வைக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. அளந்தது, அளந்த முறை, கணக்குப் போட்ட கணினி நிரல், எல்லாமே யாரும் எடுத்துப் பார்க்கும்படி இருக்க வேண்டும். திறந்த அறிவியல் என்று இதற்குப் பெயர். நாங்கள் இதை விதி வருவதற்கு முன்பே செய்தவர்கள்.

"நிவி அக்கா, எந்த பட்டனை அழுத்தணும்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, போதும்" என்றார்கள்.

பட்டன் சுலபம். அதை அழுத்துவதற்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்பதைத்தான் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்குள் அடங்கவில்லை.

குரோம்பேட்டையில் பொறியியல் படித்தேன். உடன் படித்தவர்கள் எல்லாம் ஐ.டி. கம்பெனி பஸ்ஸில் ஏற, நான் ஸ்கூட்டியில் கிணறு பார்க்கப் போனேன். முதல் வருடப் பயிற்சியை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்: நாய் கட்டியிருக்கிறதா என்று கேட்காமல் கேட்டைத் திறக்காதே. பாட்டிலை அந்தத் தண்ணீராலேயே மூன்று தரம் அலசிவிட்டுப் பிடி. கைப்பிடிச் சுவரை நம்பிச் சாயாதே. செல்போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிணற்றுக்குள் குனியாதே. கடைசிப் பாடத்துக்கான என் கட்டணம் பீர்க்கன்கரணையில் ஒரு கிணற்றின் அடியில் இன்னும் கிடக்கிறது.

நீர்மட்டம் அளப்பது பார்க்க எளிது. நீண்ட நாடாவின் முனையில் ஓர் உலோகக் குமிழ். அது தண்ணீரைத் தொட்டதும் மேலே கையில் இருக்கும் சுருளில் 'பீப்' என்று சத்தம் வரும். அந்த நொடியில் நாடாவைக் கிணற்று விளிம்போடு சேர்த்துக் கிள்ளிப் பிடித்து எண்ணைப் படிக்க வேண்டும். ஒருமுறை படித்தது கணக்கில் சேராது. தூக்கி, துடைத்து, மறுபடி இறக்க வேண்டும். இதற்கெல்லாம் முன்பு வீட்டுக்காரரிடம் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "கடைசியா மோட்டார் எப்ப போட்டீங்க?" மோட்டார் ஓடிய சூட்டோடு அளந்தால் அது கிணற்றின் மட்டம் ஆகாது. அந்த வீட்டுக்காரர் குளித்தாரா இல்லையா என்பதன் மட்டம்.

எங்கள் தலைவர் எஸ்தர் மேடம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாம் எழுதிக் கொடுத்ததை அடிக்க மாட்டார், திருத்த மாட்டார். பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டுத் திருப்பித் தருவார். எந்த வரிக்கு என்று சொல்லவும் மாட்டார். முழுப் பக்கத்தையும் நாமே சந்தேகப்பட்டு, எது தப்பு என்று நாமே தேட வேண்டும். என்கூட வேலை பார்த்த கார்த்தி ஒருமுறை பொறுக்க முடியாமல் கேட்டான்: "மேடம், எது தப்புன்னு சொன்னா டைம் மிச்சமாகும்ல?"

"உன் டைம் மிச்சமாகும். அடுத்த தப்பு மிச்சமாகாது" என்றார்.

அவர் வைத்திருந்த ஒரு சட்டம் மட்டும் கேள்விக்குறிக்கு அப்பாற்பட்டது. ஒரு வீட்டில் எடுத்த எண்ணை அந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்லாமல் கேட்டைத் தாண்டக் கூடாது. "அவங்க தண்ணி. முதல் ரிப்போர்ட் அவங்களுக்குத்தான்."

நாங்களும் சொன்னோம். உப்பின் அளவு இத்தனை, கடினத்தன்மை இத்தனை என்று வாசலில் நின்று ஒப்பித்தோம். மாடம்பாக்கத்தில் ஒரு அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் கெடக்கட்டும்மா. இந்தத் தண்ணில பருப்பு வேகுமா வேகாதா, அதச் சொல்லு" என்றார்.

எனக்குப் பொறி தட்டியது அங்கேதான். உப்பேறிய தண்ணீரில் துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் விறைத்துக்கொண்டு நிற்கும். புறநகரில் வீடு பார்க்கப் போகிற பெண்கள் ஹாலைப் பார்ப்பதற்கு முன் கேட்கிற கேள்வி அது. அடுத்த வாரமே எங்கள் அட்டவணையில் ஒரு பத்தி சேர்த்தேன்: பருப்பு வேகுமா? வேகும், தாமதமாக வேகும், வேகாது. ஆய்வகம் சொல்லும் எண்களும் சமையலறை சொல்லும் பதிலும் அருகருகே நின்றன. பெரும்பாலும் இரண்டும் ஒத்துப்போயின. எஸ்தர் மேடத்திடமிருந்து கேள்விக்குறி இல்லாமல் எனக்குத் திரும்பி வந்த முதல் பக்கம் அதுதான்.

பிறகு எல்லாவற்றையும் ஒரு வரைபடமாக்கி இணையத்தில் வைத்தோம். தமிழில் வைத்தோம். பச்சைப் புள்ளியைத் தட்டினால் 'பருப்பு வேகும்' என்று வரும். பெயர், கதவு எண் எதுவும் இல்லை. புள்ளி மட்டும் கிணறு இருக்கும் இடத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

திறந்து வைத்த பலன் சீக்கிரமே தெரிந்தது. அசாமிலிருந்து யாரோ ஒரு கல்லூரி மாணவி எழுதியிருந்தாள். பீர்க்கன்கரணையில் ஒரே நாளில் எடுத்த உப்பு அளவுகள் மட்டும் ஒரே விகிதத்தில் கூடுதலாக இருக்கின்றனவே, கருவி சரியாக இருந்ததா என்று. ஓடிப்போய்ப் பார்த்தோம். அன்று காலை கருவியைச் சோதனைக் கரைசலில் முக்கிச் சரிபார்க்காமலே எடுத்துப் போயிருந்தோம். திருத்தினோம், அவளுக்கு நன்றி சொல்லி அதையும் பொதுவிலேயே போட்டோம்.

"மானம் போச்சு" என்றான் கார்த்தி.

"போனது தப்பு. மானம் இங்கதான் இருக்கு" என்றார் எஸ்தர் மேடம்.

எல்லாமே இப்படி இனித்தது என்று சொல்ல மாட்டேன். எங்கள் தரவை எடுத்து வேறொரு குழு எங்களுக்கு முன்பே கட்டுரை எழுதிவிட்டது. நாங்கள் வெயிலில் அலைந்ததெல்லாம் அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் ஒரு வரி. கார்த்தி அன்று மதியம் சாப்பிடவில்லை. நான் அவனுடைய டப்பாவையும் சேர்த்துச் சாப்பிட்டேன். அறிவியல் முன்னே போனால் சரி, யார் தள்ளினால் என்ன என்று உண்மையாகவே நினைத்தேன். எனக்குத் திறந்த கதவுகள் பிடிக்கும். அந்தக் கதவு வழியாக யார் முதலில் நுழைவார்கள் என்பதைச் செல்வி அக்காதான் போனில் சொன்னார்.

செல்வி அக்கா மாடம்பாக்கம் கோயிலுக்குத் தெற்கே ஒரு தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கிறவர். கொல்லையில் சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிக் கட்டிய உறைக்கிணறு. எங்கள் வரைபடத்திலேயே மிகப் பச்சையான பச்சை அது. சமையலுக்கு அந்தத் தெரு முழுக்க அவர் கிணற்றில்தான் குடம் பிடிக்கும். உப்புத் தண்ணீரில் அரைத்தால் மாவு பொங்காது. மாவு பொங்காவிட்டால் செல்வி அக்காவுக்குப் பிழைப்பு இல்லை. இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை.

"நிவி, மூணு உறை எறங்கிட்ச்சிம்மா. பக்கத்து மனையில போர் போட்டு லாரி லாரியா ஓட்டிகினு போறாங்க. இப்பவே அடித்தண்ணி கரிக்குது. வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். வெகுநாளாகக் காலியாகக் கிடந்த மனை. சொந்தக்காரர் குரோம்பேட்டையில் கடை வைத்திருப்பவர். மனையை வாடகைக்கு விட்டிருந்தார். தடித்த குழாயிலிருந்து டேங்கர் நிரம்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சேகர் என்பவர் டீ குடித்துக்கொண்டு நின்றார். லாரிகள் அவருடையவை. என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"மேடம், நீங்க அந்த மேப்பு ஆபீஸா? சூப்பரா போட்டு கீறீங்க. முன்னெல்லாம் எங்க போர் போட்டாலும் உப்பு, பேஜாரு. இப்ப போன்ல தட்னா பச்சை காட்டுது. பருப்பு வேகும்னு வேற எய்தி கீது. அந்த நம்பருங்கல்லாம் நமக்கு இன்னா புரியும்? இது புரியுது." பையனிடம் எனக்கும் ஒரு டீ சொன்னார்.

டீயை மறுத்தது நினைவிருக்கிறது. எந்தப் பத்தியை நினைத்து நான் பெருமைப்பட்டேனோ அதையே அவர் பாராட்டிக்கொண்டிருந்தார்.

"சார், பக்கத்துக் கிணறு இறங்குது."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல மேடம். அது மேல்தண்ணி. நம்மளுது ஆழத்துல கீற பாறைத் தண்ணி. படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாதா?"

படித்தவளுக்கு அது அந்த இடத்தில் உண்மையா இல்லையா என்று சொல்லத் தெரியவில்லை. யாரும் அளந்திருக்கவில்லை.

மறுநாள் மையத்தில் பெரிய விவாதம். கார்த்தி வரைபடத்தை மொத்தமாக இறக்கிவிடச் சொன்னான். நிர்வாகத்துக்கும் அதுவே வசதி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. "சேகர் போன்ல ஏற்கெனவே இருக்கு. இப்ப இறக்கினா அவர்கிட்ட மட்டும்தான் இருக்கும். செல்வி அக்காகிட்ட ஒண்ணுமே இருக்காது."

எஸ்தர் மேடம் வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பினார். "இத முதல்ல யார் படிச்சாங்க?" என்றார்.

"லாரிக்காரங்க."

"கடைசியா?"

யோசித்தேன். "செல்வி அக்கா இன்னும் பாக்கவே இல்ல மேடம்."

ஒவ்வொரு வீட்டிலும் அந்த வீட்டின் எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் வந்தோம். எல்லா வீட்டு எண்களும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை எந்த வீட்டிலும் சொல்லவில்லை. ஒற்றைக் கிணறு ஒரு குடும்பத்தின் செய்தி. நூறு கிணறும் சேர்ந்த வரைபடம் லாரிக்கு வழிகாட்டி. திறந்த அறிவியலில் எனக்குத் தெரிந்த பெரிய ஓட்டை இதுதான்: கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது, ஆனால் லாரி வைத்திருப்பவர் முதலில் வந்துவிடுகிறார். அதற்குப் பூட்டுப் போடுவது ஒரு வைத்தியம். மற்றவர்களையும் வேகமாக உள்ளே கூட்டிவருவது இன்னொன்று. நாங்கள் இரண்டாவதைப் பிடித்தோம்.

முதல் வேலையாக, எந்தக் கிணறு என்று தெரியாதபடி புள்ளிகளைத் தெரு அளவுக்குக் கலைத்துவிட்டோம். அடுத்து நான் செல்வி அக்கா வீட்டு வாசலில் வரைபடத்தை விரித்து, தெருக்காரர்களைக் கூப்பிட்டு, இதுவரை என்ன செய்திருக்கிறோம், அதனால் என்ன ஆனது என்று சொன்னேன். திட்டு விழுந்தது. முறையாக, சுற்று முறையில் விழுந்தது. ஓய்ந்த பிறகு செல்வி அக்கா கேட்டார்: "சரி, அவன் ஓட்றதாலதான் எறங்குதுன்னு எப்பிடி நிரூபிக்கிறது?"

"அவர் மோட்டார் ஓடாம ஒரு நாள் பாக்கணும் அக்கா. நிறுத்தச் சொன்னா நிறுத்துவாரா?"

"கரண்ட்டு நிறுத்துமே" என்றார் அவர், ரொம்பச் சாதாரணமாக.

புறநகர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மதியம்வரை மின்தடை. இடங்களின் பெயர்கள் முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடும். நாம் திட்டிக்கொண்டே விசிறிக்கொள்ளும் அந்த அரை நாளில் சேகரின் மோட்டாரும் நிற்கும்.

எஸ்தர் மேடத்திடம் திட்டத்தை எழுதிக் கொடுத்தேன். ஓரத்தில் கேள்விக்குறியோடு திரும்பி வந்தது. மண்டையை உடைத்துக்கொண்டு பார்த்ததில் தெரிந்தது: மின்தடையில் நிற்பது சேகரின் மோட்டார் மட்டுமா? தெருவில் எல்லா மோட்டாரும்தான் நிற்கும். தண்ணீர் ஏறினால் அது யார் நின்றதால்? சேகரே கேட்டுவிடுவார்.

ஆகவே இரண்டாம் பாதி சேர்த்தோம். மின்சாரம் வந்த பிறகும் தெருவில் யாரும் சாயங்காலம்வரை மோட்டார் போடக் கூடாது. முந்தின நாளே தொட்டியை நிரப்பிக்கொள்ள வேண்டும். அப்போது ஓடுவது சேகரின் மோட்டார் ஒன்றே. காலையில் ஏறிய தண்ணீர் மறுபடி இறங்கினால் காரணம் ஒருவர்தான். இறங்காவிட்டால் சேகர் சொன்னதே சரி. அதையும் அப்படியே பொதுவில் போடுவோம். இப்படி முழு முறையையும் முன்கூட்டியே எழுதி, தெருவின் வாட்ஸப் குழுவிலும் எங்கள் தளத்திலும் போட்டோம். சேகருக்கும் ஒரு பிரதி கொடுத்து, வந்து பார்க்கச் சொன்னோம்.

கார்த்தி தலையில் கைவைத்தான். "எதிராளிக்கே பிளானைக் காட்டுறியே. அன்னிக்கு மோட்டார் போடாம உக்காந்துட்டா?"

"உக்காரட்டும். அன்னிக்காவது தண்ணி மிஞ்சும்."

சேகர் உட்காரவில்லை. பாறைத் தண்ணீர் மேல் அவருக்கு அத்தனை நம்பிக்கை. மின்தடையன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் ஆளாக வந்தார். "நாடாவை நான் புட்ச்சுக்கறேன். உங்க ஆளு புட்ச்சா நான் நம்ப மாட்டேன்" என்றார். அதைவிட நல்ல யோசனை எனக்கே தோன்றியிருக்காது. கொடுத்தேன். கிள்ளிப் பிடிப்பது எப்படி என்று காட்டினேன். தூக்கித் துடைத்து மறுபடி இறக்கச் சொன்னபோது, "இன்னா மேடம், இட்லித் தட்டா தொடைக்கிறதுக்கு" என்றார். ஆனால் துடைத்தார்.

மதியத்துக்குள் தண்ணீர் ஏறியது. ஓர் உறையின் விளிம்பு முழுவதும் முழுகியது. "எல்லா மோட்டாரும்தான் நின்னுது" என்றார் சேகர், நாங்கள் எதிர்பார்த்தபடியே. மின்சாரம் வந்தது. அவருடைய மோட்டார் உறுமியது. தெரு வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. துணி துவைக்காமல், பாத்திரம் தேய்க்காமல், மாடி வீட்டு அம்மா தொட்டியில் மிச்சமிருந்ததை மக்கில் மொண்டு சமாளித்துக்கொண்டு. யாரோ பழக்கதோஷத்தில் ஸ்விட்சைத் தட்டிவிட, "ஏய், யார் வூட்டு மோட்டாருடி அது" என்று நாலு வாசலிலிருந்தும் குரல் வந்து, சத்தம் உடனே அடங்கியது. அந்தச் சில நொடிகளையும் நான் குறித்துக்கொண்டேன்.

சேகர் நாடாவை இறக்கினார். பீப். முன்பைவிடக் கீழே. துடைத்து மறுபடி இறக்கினார், யாரும் சொல்லாமலே. இன்னும் கொஞ்சம் கீழே.

"பேட்டரி வீக்கு" என்றார்.

செல்வி அக்கா தாம்புக்கயிற்றைக் கொண்டுவந்தார். மதியம் தண்ணீர் ஏறியிருந்தபோது வாளியை இறக்கி, அது தண்ணீரைத் தொட்ட நேரத்தில் கைப்பிடிச் சுவரில் நின்ற இடத்தில் கயிற்றில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தார். வாளியை இறக்கினார். சிவப்புத் துணி கைப்பிடிச் சுவரைத் தாண்டி உள்ளே இறங்கிப் போன பிறகுதான் வாளி தண்ணீரைத் தொட்டது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். சேகரும்தான்.

அவர் அதனால் திருந்திவிடவில்லை. லாரி மறுநாளும் வந்தது. ஆனால் தெருக்காரர்கள் புகாரோடு எங்கள் முறையையும் அளவுகளையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். அதைப் பொதுவில் யாரும் பார்க்கலாம் என்பதால் அடுத்த தெருக்காரர்களும் அதே சோதனையைத் தங்கள் கிணற்றில் செய்து அனுப்பினார்கள். வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்தவர் தாள்களைப் புரட்டிவிட்டு, "இதெல்லாம் சரி, இந்த அளவை எடுத்தது யாரு? உங்க தெரு ஆளுங்களா?" என்று சந்தேகமாகக் கேட்டார்.

செல்வி அக்கா மனைப் பக்கம் கையை நீட்டினார். "இல்ல சார். அதோ நிக்கிறாரே, அவருதான். ரெண்டு ரெண்டு வாட்டி தொடச்சி எடுத்தாரு."

விசாரிக்க வந்தவர் சிரித்துவிட்டார். அவர் முன்னிலையில் அதே சோதனை இன்னொரு முறை நடந்தது. அதே முடிவு. வியாபாரத்துக்குத் தண்ணீர் எடுப்பதை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. போர் மூடப்பட்ட அன்று சேகர் என்னைப் பார்த்து, "ஓப்பன் ஓப்பன்னு சொல்லியே மூடிட்டியேம்மா" என்றார். அன்று அவர் வாங்கித் தந்த டீயை மறுக்காமல் குடித்தேன்.

செல்வி அக்கா கிணற்றில் தண்ணீர் உறை உறையாக ஏறியது. கரிப்பு போக மழை வரவேண்டியிருந்தது. வந்தது. மாவு பொங்கியது.

இளையவர்களே, உங்கள் விதியில் இப்போது ஒரு வரி இருக்கிறது பாருங்கள்: எந்த வரைபடமும் இணையத்துக்குப் போகும் முன்பு அந்தந்தத் தெருவில் விரித்துக் காட்டப்பட வேண்டும், ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் புள்ளி அப்படியே இருக்கலாமா, கலைக்கலாமா, எடுத்துவிடலாமா என்று சொல்ல வேண்டும். அந்த வரி இந்தக் கிணற்றடியில் எழுதியது. அதனால் வேலை கூடும். சிலர் எடுத்துவிடச் சொல்வார்கள். வரைபடத்தில் ஓட்டைகள் விழும். வெளியூர் ஆய்வாளர்கள் கோபித்துக்கொண்டு எழுதுவார்கள். எழுதட்டும். நாங்கள் தெருத்தெருவாக அப்படித்தான் மறுபடி கேட்டுக்கொண்டு போனோம். மற்ற ஊர் மையங்கள் இன்று அந்த முறையை எடுத்துப் பயன்படுத்துகின்றன. அடிக்குறிப்பில் எங்களைப் பொடி எழுத்தில் போடுகிறார்கள். இந்த முறை கார்த்தி சாப்பிட்டான்.

செல்வி அக்காவிடம் கேட்கப் போனபோது, எடுத்துவிடு என்பார் என்றுதான் நினைத்தேன். அவர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தார்.

"ஏன், கலங்கலா கீது?"

"நாங்கதான் கலைச்சோம் அக்கா. உங்க கிணறு எங்கன்னு தெரியாம இருக்க."

"தெரியாம இருந்தாத்தானே அவன் நைசா வந்தான். போடு. இருக்கிற எடத்துலயே போடு. என் பேரையும் பெருசா போடு."

பேர் போட எஸ்தர் மேடம் சம்மதிக்கவில்லை. அதற்குப் பதிலாகச் செல்வி அக்கா ஒரு வரி சொல்லச் சொல்ல அதைப் போட்டோம். மாடம்பாக்கத்துக்குப் போய் அந்தப் பச்சைப் புள்ளியைத் தட்டினால் இப்போதும் வரும்:

பருப்பு வேகும். இந்தக் கிணற்றைத் தெருவே அளக்கிறது.